சிறுநீர் மண்டலத்தின் தமிழ்ப்பெயர்கள்: ஒரு திறனாய்வு

தமிழில் கலைச்சொல்லாக்கம் பற்றிய எழுத்துகளுக்குக் குறைவில்லை. எனினும் அவற்றுட் பல, எத்தனை ஆயிரம் சொற்கள் உருவாயின என்னும் கணக்கோடும், தமிழால் முடியும் என்னும் உறுதிமொழியோடும் நின்றுவிடுகின்றன. ஆக்கப்பட்ட சொல் தன் பணியைச் செய்கிறதா, கேட்பவர் மனத்தில் அது எத்தகைய பொருளை எழுப்புகிறது, எதனை மறைத்துவிடுகிறது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஒரு கவிதையின் சொல்லாட்சியைச் சீர்தூக்கிப் பார்க்கும் நாம், மருத்துவமனைத் துண்டறிக்கை ஒன்றின் சொல்லாட்சியை ஆராயத்தக்க பொருளாகக் கொள்வதில்லை. வாசகர் தம் உயிரைப் பொறுத்துப் படிக்கும் பனுவல் இவ்விரண்டில் எது என்று கேட்டால் விடை எளிது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது மிகச் சிறிய களம். உடலினுள் சிறுநீர் உருவாகி வெளியேறும் பாதையில் உள்ள உறுப்புகள் நான்கே வகையின: குருதியை வடிக்கும் இரண்டு சிறுநீரகங்கள்; அவற்றிலிருந்து கீழிறங்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 முதல் 30 செ.மீ. நீளமுள்ள இரு குழாய்கள். அவை வந்து சேரும் பை. அப்பையிலிருந்து உடலுக்கு வெளியே செல்லும் ஒரு வழி. இந்நான்கிற்கும் தமிழ்நாடு, ஈழம், மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நிலங்களில் வழங்கும் பெயர்களையும், அவற்றைச் சூழ்ந்த நோய்ப்பெயர்கள் சிலவற்றையும் மதிப்பிடுவதே நம் நோக்கம். களம் சிறிதாயினும், தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தின் நிறைகுறைகள் ஏறத்தாழ அனைத்தும் இதனுள் அடங்கியுள்ளன என்பது நம் துணிபு.

மானிப்பாய் மரபு

மேலை மருத்துவத்தை முழுமையாகத் தமிழில் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே நிகழ்ந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களைப் பயிற்றுவித்தார். பின்னர்ப் பயிற்சியைத் தமிழிலேயே நடத்தினார். அவரும் அவர்தம் மாணவர்களும் உருவாக்கிய நூல்களுள் 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'மனுஷ சுகரணம்' (1883) ஆகியன குறிப்பிடத்தக்கவை. அங்காதிபாதம் என்பது உடற்கூற்றியல். சுகரணம் என்பது உடலியங்கியல்.

இவ்விளக்கத்தை நாம் தரவேண்டியிருப்பதே இங்குக் கருதத்தக்கது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு தலைமுறை மருத்துவர்கள் நாள்தோறும் பயன்படுத்திய சொற்கள் இன்றைய தமிழ் மாணவர்க்கு அகராதியின்றி விளங்குவதில்லை. அச்சொற்கள் தவறானவை என்பதனால் வழக்கொழிந்தன அல்ல. கற்பிக்கும் மொழி ஆங்கிலமாக மாறியபோது அவற்றைப் பேசுவோர் இல்லாது போயினர். 20ஆம் நூற்றாண்டில் தமிழில் மீண்டும் அறிவியல் எழுதத் தலைப்பட்டோர், வடசொல் தவிர்த்த புதிய அடிப்படையிலிருந்து தொடங்கினர். ஆகவே நம் மருத்துவத் தமிழுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வளர்ந்த தொடர்ச்சி இல்லை. இரு முறை புதிதாகத் தொடங்கிய வரலாறே உண்டு. இன்று நாம் மதிப்பிடும் சொற்கள் பெரும்பாலும் இரண்டாம் தொடக்கத்தின் விளைவுகள்.

சிறுநீரகம் என்னும் பெயர்

பெயர்களைக் காரணப்பெயர் என்றும் இடுகுறிப்பெயர் என்றும் பகுப்பது நன்னூலார் வழி நாம் அறிந்த மரபு. தமிழ்க் கலைச்சொல்லாக்கம் முழுவதும் காரணப்பெயரின்பால் சாய்ந்தது. சொல்லைக் கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டும் என்னும் விருப்பமே இதற்கு அடிப்படை. இவ்விருப்பம் பாராட்டத்தக்கது. ஆயின் காரணப்பெயரில் ஓர் இடர் உண்டு. காரணம் பிழைபட்டாலும் குறைபட்டாலும் பெயர் கேட்பவரை வழிதவறச் செய்யும். இடுகுறிப்பெயர் எதையும் கற்பிப்பதில்லை என்பது உண்மை. எதையும் தவறாகக் கற்பிப்பதுமில்லை.

சிறுநீரகம் என்பதைப் பிரித்தால் சிறுநீர் + அகம் எனவாகும். சிறுநீர்க்கு உறைவிடம் என்பது பொருள். ஆனால் சிறுநீர் தங்கும் இடம் அதற்குக் கீழே உள்ள பை. சிறுநீரகம் செய்வது வேறு பணி. இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்விரு சிறிய உறுப்புகளுக்கே செல்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. ஒரு நாளில் 180 லிட்டர் அளவு நீர்மம் குருதியிலிருந்து வடிக்கப்படுகிறது. அதில் 178 லிட்டருக்கு மேல் மீண்டும் குருதிக்கே திரும்புகிறது. எஞ்சும் ஒன்றரை லிட்டரே சிறுநீர். இவ்வுறுப்பு வெளியேற்றுவதைவிடத் திருப்பித் தருவதே மிகுதி. மேலும், குருதி அழுத்தத்தைச் சீர்செய்வது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் இயக்குநீரைச் சுரப்பது, வைட்டமின் டியைச் செயல்படும் வடிவிற்கு மாற்றுவது ஆகியனவும் இதன் பணிகள். இவற்றுள் எதற்கும் சிறுநீரோடு நேர்த்தொடர்பு இல்லை. குருதியைக் காக்கும் உறுப்பிற்கு அதன் கழிவால் பெயரிட்டிருக்கிறோம். அரிசி ஆலைக்குத் தவிட்டுக்கூடம் என்று பெயர் வைப்பதைப் போன்றது இது.

இது சொல்லாராய்ச்சியாளரின் நுண்குறை காணும் வேலை எனக் கருதலாகாது. நெடுநாள் நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ உள்ள ஒருவரிடம் அவருடைய சிறுநீரகம் பழுதுற்று வருகிறது என்று மருத்துவர் கூறும்போது அவர் முதலில் எழுப்பும் ஐயம் ஒன்றுண்டு: சிறுநீர் தாராளமாகப் போகிறதே, சிறுநீரகம் எப்படிக் கெட்டிருக்க முடியும்? பெயரின் பொருளை நம்பிய தமிழருக்கு எழும் நேர்மையான ஐயம் அது. சிறுநீரக நோயின் தொடக்க நிலைகளில் சிறுநீர் குறைவதில்லை. சிலருக்கு இரவில் வழக்கத்தைவிட மிகுதியாகவும் வெளியேறும். வடிகட்டும் ஆற்றல் பாதிக்குமேல் குறைந்த பின்னரும் நோயாளிக்கு எவ்வித உணர்வும் தோன்றாதிருக்கலாம். அளவை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்பவர் சோதனைக்குச் செல்வதைத் தள்ளிப்போடுகிறார்.

அண்டை மொழிகள் இதே உறுப்பிற்கு என்ன பெயரிட்டன என்பதையும் நோக்கலாம். தெலுங்கும் கன்னடமும் மூத்திரபிண்டம் என்னும் தொடரை ஏற்றன. தமிழ் செய்த அதே பிழை, வடசொல்லில். மலையாளம் விருக்க என்னும் வடசொல்லை எடுத்துக்கொண்டது. வடமொழி மருத்துவ நூல்கள் விருக்கத்தைச் சிறுநீரோடு இணைத்துப் பேசவில்லை. சுசுருத சங்கிதை அதனைக் குருதியிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் தோன்றுவதாகவே கூறுகிறது. சிறுநீர் பைக்குள் எவ்வாறு வந்து சேர்கிறது என்பதற்கு அந்நூல் காட்டும் உவமை, நீருள் அமிழ்த்திய புதுமட்பானையின் உட்புறம் நீர் கசிந்து நிறைவது. உடலியங்கியல் நோக்கில் இவ்விளக்கம் இன்று ஏற்கத்தக்கதன்று. எனினும் விருக்கம் என்னும் பெயர் எக்கொள்கையையும் தன்னுள் அடக்கிக்கொள்ளாமையால், கொள்கை மாறியபோதும் பெயர் பழுதுபடவில்லை. மலையாள நோயாளிக்கு அச்சொல் எந்தத் தவறான நம்பிக்கையையும் ஊட்டுவதில்லை.

சிறுநீரகம் என்னும் சொல்லை மாற்ற வேண்டும் என்பது நம் பரிந்துரையன்று. அச்சொல் பாடநூலிலும் செய்தித்தாளிலும் வேரூன்றிவிட்டது. கற்றோர்க்கு அது நன்னூலார் கூறும் காரண இடுகுறியாகவே மாறிவிட்டது எனலாம். காரணத்தை நினையாமலேயே உறுப்பைச் சுட்டுகிறோம். ஆனால் நோயுற்று முதன்முறையாக அச்சொல்லைக் கூர்ந்து கேட்பவர்க்குக் காரணம் மீண்டும் உயிர்பெறுகிறது. ஆகவே விளக்கம் எழுதுவோர், உறுப்பின் பெயரைச் சொன்ன அடுத்த தொடரிலேயே குருதி என்னும் சொல்லைக் கொண்டுவர வேண்டும். நாம் கண்ட துண்டறிக்கைகளுட் பெரும்பாலானவை சிறுநீரகம் சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு என்று தொடங்கி, பெயரையே விளக்கமாக மறுபடி கூறி முடிக்கின்றன.

குண்டிக்காய்

சிறுநீரகத்திற்கு முன் தமிழர் இவ்வுறுப்பிற்குப் பெயரிடாமல் இல்லை. ஆட்டிறைச்சி வாங்கும் எவரும் அறிந்த சொல் குண்டிக்காய். இன்றும் புழக்கத்திலுள்ள பழைய தமிழ் விவிலியம் இச்சொல்லைக் கையாண்ட முறை நம் ஆய்விற்கு மிக உதவுவது. லேவியராகமத்தில் பலியிடும் விலங்கின் உறுப்பாக வரும்போது அது குண்டிக்காய் எனப்படுகிறது. சங்கீதத்திலும் எரேமியாவிலும் மனிதனின் உள்ளத்தை இறைவன் சோதிப்பதைக் கூறும் இடங்களில் மூலத்தில் அதே உறுப்பு வருகிறது. தமிழிலோ அது உள்ளிந்திரியங்கள் எனப் பொதுப்பெயராகிவிடுகிறது. விலங்கிற்கு உரிய சொல் மனிதர்க்கு ஆகாது என்று மொழிபெயர்ப்பாளர் கருதியிருத்தல் வேண்டும்.

இப்பாகுபாடு இன்றும் தொடர்கிறது. குண்டிக்காய் இறைச்சிக் கடையில் மட்டும் வாழ்கிறது. அதன் முற்பகுதி அவைக்கு ஆகாத சொல்லாகச் செவியில் படுவதே காரணம் என்பது வெளிப்படை. தொல்காப்பியம் அவையல்கிளவி எனக் கூறுவதும், நன்னூல் தகுதிவழக்குள் இடக்கரடக்கல் என வகுப்பதும் இத்தகைய கூச்சத்தையே. ஆனால் இச்சொல்லைப் பொறுத்தவரை அக்கூச்சத்திற்கு அடிப்படை உறுதியானதா? தெலுங்கில் குண்டெ என்பதும் குண்டெகாய என்பதும் இதயத்தைக் குறிக்கும். கன்னடத்தில் குண்டிகெ என்பதும் இதயமே. இவற்றை நோக்க, தமிழ்க் குண்டிக்காயின் முற்பகுதி பிட்டத்தைக் குறித்தது என்பதைவிட, உடலுள் திரண்டு உருண்டிருக்கும் உறுப்பொன்றைக் குறித்தது எனக் கொள்ள இடமுண்டு. குண்டு என்னும் அடியோடு இதனை இணைத்துக் காண்பதும் பொருந்தும். ஒலியொப்புமையால் ஒரு நல்ல சொல் பழிக்கப்பட்டிருக்கிறது. இனமொழிகளில் அது வேறோர் உறுப்பைச் சுட்டுவதால் மயக்கம் தரும் என்று காரணம் காட்டி விலக்கியிருந்தால், அது அறிவியல் முறையில் ஏற்கத்தக்க முடிவாகும். நாகரிகம் கருதி விலக்கியது வேறு செய்தி.

மலாய்மொழியோடு ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். மலாய்மொழியில் இவ்வுறுப்பு புவா பிங்காங் எனப்படும். இடுப்புக் கனி என்பது நேர்ப்பொருள். காய் என்று தமிழும் கனி என்று மலாயும் ஒரே வடிவத்தைக் கண்டு பெயரிட்டிருப்பது சுவையான ஒற்றுமை. வேறுபாடு இதற்குப் பின்னரே தொடங்குகிறது. மலாய்மொழி தன் நாட்டுப்புறப் பெயரைக் கைவிடவில்லை. கடைக்காரர் சொல்லும் அச்சொல்லே தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் மலாய்ப் பெயரிலும் இடம்பெற்றுள்ளது. அதே வேளையில், மக்கள் கண்ணால் காணாத குழாய்களுக்கு யூரெத்தர், யூரெத்ரா எனப் பிறமொழிச் சொற்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. அறிந்ததற்கு மக்கள் சொல், அறியாததற்குக் கடன்சொல் என்னும் இம்முறை எளியது. நாம் செய்தது இதற்கு நேர்மாறு. மக்கள் அறிந்திருந்ததை விலக்கிப் புதுச்சொல் தந்தோம்.

விலக்கியதன் விளைவும் எண்ணத்தக்கது. குண்டிக்காய் போன இடத்திற்குப் பேச்சில் சிறுநீரகம் வந்ததா? வரவில்லை. கிட்னி வந்தது. மூத்திரம் போன இடத்திற்குச் சிறுநீர் எழுத்தில் வந்தது. பேச்சில் யூரின் வந்தது. ஆங்கிலச் சொல் இன்று தமிழரிடையே அறிவியல் துல்லியத்திற்காக மட்டும் வழங்கவில்லை, இடக்கரடக்கலாகவும் வழங்குகிறது. தாய்மொழியில் சொல்லக் கூசுவதை அயல்மொழியில் சொல்கிறோம். தனித்தமிழ் ஆர்வலரும் ஆங்கில மோகத்தினரும் எதிரெதிர் அணியினர் என்று நாம் நினைக்கிறோம். இவ்வுறுப்பைப் பொறுத்தவரை இருவரும் ஓடியது ஒரே கூச்சத்திலிருந்துதான்.

இரு குழாய்கள்

பெயர் பற்றிய இடர் பெரிதாக வெளிப்படுவது குழாய்களில். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வருவது ஒன்று. பையிலிருந்து வெளியே செல்வது மற்றொன்று. முன்னது இணையாக உள்ளது, பின்னது ஒன்றே. முன்னதன் நீளம் ஆண் பெண் இருபாலர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. பின்னது பெண்களுக்கு ஏறத்தாழ 4 செ.மீ.; ஆண்களுக்கு 18 முதல் 20 செ.மீ. பெண்களுக்குச் சிறுநீர்த்தொற்று எளிதில் ஏற்படுவதற்கு இக்குறுகிய நீளம் ஒரு முதன்மைக் காரணம். கிரேக்கம் இவ்விரண்டிற்கும் ஒரே வேரிலிருந்து பெயர் அமைத்தது. ஆங்கிலம் அவற்றை ஏற்றபோது இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களாயின. ஆங்கில வழிப் பயிலும் மருத்துவ மாணவரும் தொடக்கத்தில் இடறும் இடம் இது.

தமிழுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பு இருந்தது. காரணப்பெயர் அமைக்கும் மொழி, ஒன்றை மேற்குழாய் என்றும் மற்றதை வெளிவழி என்றும் ஐயத்திற்கு இடமின்றிப் பிரித்திருக்கலாம். ஆனால் பொது எழுத்தில் சிறுநீர்க்குழாய் என்னும் ஒரே சொல் இரண்டையும் குறிக்கக் காண்கிறோம். நம் பார்வைக்கு வந்த துண்டறிக்கை ஒன்றில், சிறுநீர்க்குழாயில் கல் சிக்கியதால் முதுகில் வலி ஏற்படும் என்று ஒரு பத்தியும், சிறுநீர்க்குழாயின் வழியே மெல்லிய குழல் செருகப்படும் என்று அடுத்த பத்தியும் இருந்தன. முதலாவது உள்ளே இருப்பது; இரண்டாவது வெளியே திறப்பது. படிப்பவர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டால், கல் எங்கே இருக்கிறது, குழல் எவ்வழியே போகிறது, தமக்கு என்ன செய்யப்போகிறார்கள் என எதுவும் விளங்காது. அந்நிலையில் அவர் ஒப்புதல் படிவத்தில் இடும் கையொப்பத்திற்கு என்ன மதிப்பு?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இவ்விரண்டையும் பிரிக்கவே முயன்றன. முன்னதற்குச் சிறுநீர் நாளம் என்றும் பின்னதற்குச் சிறுநீர்ப் புறவழி என்றும் அவற்றுள் பெயர்கள் உண்டு. நாளம் என்னும் சொல் குருதி நாளத்தை நினைவூட்டுவதால் முழுமையாகப் பொருந்தவில்லை என்றாலும் ஏற்கலாம். புறவழி அவ்வாறன்று. ஊருக்குள் நுழையாமல் சுற்றிச் செல்லும் சாலைக்குப் புறவழிச்சாலை என்னும் பெயர் நிலைத்துவிட்ட பின்னர், சிறுநீர்ப் புறவழி என்றால் சிறுநீர் தன் இயல்பான பாதையை விட்டுச் சுற்றிச் செல்லும் வழி என்றே பொருள்படும். பையை அகற்றியவர்க்கு அத்தகைய மாற்றுவழி அமைக்கும் அறுவை மருத்துவமும் உண்மையிலேயே உண்டு. சொல் பிறந்தபோது பொருத்தமாக இருந்தது. அதனைச் சூழ்ந்த மொழி நகர்ந்துவிட்டது. கலைச்சொல் அகராதிகளை ஒருமுறை தொகுத்து முடித்துவிட்டால் போதும் என்னும் எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

ஈழத்துப் பாடநூல் மரபு இவ்விடத்தில் மேம்பட்டு நிற்கிறது. மேலது சிறுநீர்க்கான், கீழது சிறுநீர்வழி. இரண்டும் ஒலியிலும் பொருளிலும் தெளிவாக வேறுபடுகின்றன. கான் என்பது ஈழத்து வழக்கில் நீர் வடியும் வாய்க்கால். காட்டைக் குறிக்கும் கான் ஒன்றையே அறிந்த நம்மவர்க்கு அச்சொல் முதலில் வியப்பூட்டும். ஒருமுறை விளக்கினால் மறவாது. உள்ளுறுப்பின் நுண்பகுதிகளுக்கும் ஈழத்தவர் துணிந்து பெயரிட்டனர். தமிழ்நாட்டு நூல்கள் நெஃப்ரான், குளோமருலஸ் என ஒலிபெயர்க்கும் இடங்களில் அவர்கள் சிறுநீரகத்தி, கலன்கோளம் என்றனர். கலன்கோளம் அழகிய ஆக்கம். குருதிக்கலன்கள் கோளமாகச் சுருண்டிருப்பதை அச்சொல் கண்முன் நிறுத்துகிறது. நுண்நோக்கியில் காண்பதும் அதுவே. சிறுநீரகத்தி அத்துணைச் சிறப்புடையதன்று. அகத்தி என்னும் மரப்பெயரின் நிழல் அதன்மேல் விழுகிறது. இத்தகைய நுண்பகுதிகளுக்கு நெஃப்ரான் போன்ற ஒலிபெயர்ப்பே போதும் என்பது நம் கருத்து. நோயாளிக்கு அச்சொல் தேவைப்படுவதில்லை, மாணவர்க்கோ உலகப்பொதுச் சொல்லை அறிவதால் இழப்பில்லை.

வெளிவழிக்குச் சித்த மருத்துவ வழக்கில் நீர்த்தாரை என்னும் சொல் உண்டு. நீர்த்தாரை எரிச்சல் என்று நாட்டு மருத்துவர் கூறுவதை முதியோர் இன்றும் அறிவர். தாரை என்பது ஒழுக்கையும் அவ்வொழுக்கின் போக்கையும் ஒருங்கே குறிக்கிறது. கூச்சமுமில்லை, மயக்கமுமில்லை. சிறுநீர்ப்புறவழியை உருவாக்கியவர்கள் இச்சொல்லை அறியாதிருந்தனர் என நம்ப இயலவில்லை. நாட்டு மருத்துவத்தின் சொல் அறிவியலுக்குத் தகாது என்று ஒதுக்கியிருக்கக்கூடும். மேலே சிறுநீர்க்கான், கீழே நீர்த்தாரை என இரண்டையும் இணைத்து நம் நாட்டுத் துண்டறிக்கைகள் ஏற்குமாயின், இவ்விரு குழாய்களின் குழப்பம் நீங்கும்.

ஆண்களிடத்தில் நீர்த்தாரையைச் சூழ்ந்திருக்கும் சுரப்பி பற்றியும் ஒருசொல். இதனைச் சிலர் சுக்கிலச் சுரப்பி என்பர். ஈழத்தவர் கிரேக்க மூலத்தை அப்படியே பெயர்த்து முன்னிற்குஞ்சுரப்பி என்பர். முதியவர் பலருக்கு இது பருத்து நீரை அடைக்கிறது. நீர் அடைபட்டு மருத்துவமனைக்கு வரும் எழுபது வயதினரிடம், மருமகளும் பேரப்பிள்ளைகளும் உடனிருக்க, சுக்கிலச் சுரப்பி என்று கூறுவது அவரை வாய்மூடச் செய்யும். முன்னிற்குஞ்சுரப்பி எதையும் விளக்கவில்லையாயினும் எவரையும் கூச வைக்கவில்லை. இங்கு இடக்கரடக்கல் நோயாளிக்கு உதவுகிறது. கூச்சம் எப்போதும் பகையன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நோயாளியின் சொற்கள்

உடற்கூற்றியல் இடத்திற்குப் பெயரிடுகிறது. நோயாளி ஓட்டத்திற்குப் பெயரிடுகிறார். நீரடைப்பு, நீர்க்கடுப்பு, நீர்ச்சுருக்கு, கல்லடைப்பு என்னும் வழக்குச் சொற்களை நோக்குக. நீர் என்னும் ஒரே பெயரோடு அடைதல், கடுத்தல், சுருங்குதல் என்னும் வினைகள் சேர்ந்து வெவ்வேறு துன்பங்களைத் துல்லியமாகப் பிரிக்கின்றன. நீரடைப்பில் நீர் உருவாகிறது, வெளியேறவில்லை. நீர்ச்சுருக்கில் வருவதே குறைவு. மருத்துவர்க்கு இவ்வேறுபாடு உயிர்நிலையானது. முன்னதில் குழல் செருகினால் உடனே தீர்வு கிட்டும்; பின்னதில் குழல் செருகிப் பயனில்லாமல் போகலாம். கல்லடைப்பு என்பதும் அவ்வாறே. இன்று நாம் எழுதும் சிறுநீரகக் கல் என்பது கல் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. சிறுநீரகத்தினுள் அசையாமல் கிடக்கும் கல் பெரும்பாலும் வலிப்பதில்லை. கானில் இறங்கி அடைக்கும்போதே தாங்கொணா வலி தோன்றுகிறது. வலிக்குக் காரணமான நிகழ்வைச் சொல்வது பழைய சொல்லே.

மொழிபெயர்ப்பாளர்கள் இச்சொற்களைப் பாமர வழக்கு என்று களைந்து, சிறுநீர்த் தேக்கம், சிறுநீர் கழித்தலில் வலியுணர்வு என நீட்டி எழுதுகின்றனர். மருத்துவரிடம் செல்லும் மூதாட்டி நீர்க்கடுப்பு என்றுதான் சொல்வார். அவர் சொல்லும் சொல் அறிக்கையில் இல்லையெனில், அவ்வறிக்கை தமக்கு உரியதென்று அவருக்கு எவ்வாறு தெரியும்?

மலேசியத் தமிழரிடையே வழங்கும் ஒரு சொல்லைத் தனியே ஆராய வேண்டும். நீரிழிவை நம் மக்கள் இனிப்பு நீர் என்பர். மலாய்மொழியின் கென்சிங் மானிஸ் என்னும் தொடரோடு இது நேராக ஒக்கிறது. மதுமேகம் என்னும் பழைய மருத்துவப் பெயரோடும் பொருளால் ஒக்கிறது. தமிழ்நாட்டார் இதனைக் கேட்டு நகைப்பதுண்டு. சொல்லாக்க நோக்கில் இது நகைக்கத்தக்கதன்று. சர்க்கரை நோய் என்பதைவிட எவ்வகையிலும் தாழ்ந்ததுமன்று. ஆயினும் சிறுநீரகம் பற்றிய நம் பொருளுக்கு இச்சொல் ஓர் இடையூறு செய்கிறது. மலேசியாவில் குருதிச் சுத்திகரிப்புச் சிகிச்சைக்குப் புதிதாக வருவோருள் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு நீரிழிவே காரணம். இனிப்பு நீர் என்னும் பெயர் நோயாளியின் கவனத்தைச் சிறுநீரிலுள்ள சர்க்கரையின்மீது நிறுத்துகிறது. குருதிச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோல் அளவைக் கடந்தாலன்றிச் சிறுநீரில் சர்க்கரை பொதுவாகத் தோன்றாது. சிறுநீரகம் பழுதுறத் தொடங்குவதன் முதல் அறிகுறியோ சிறுநீரில் கசியும் புரதம்; அதற்கு மக்களிடம் பெயரே இல்லை. புரதக் கசிவு என்னும் தொடர் துண்டறிக்கைகளில் உண்டு. வீட்டுப் பேச்சில் இல்லை. கசிவு மிகும்போது சிறுநீர் அடங்காமல் நுரைக்கும். நுரைநீர் என்று ஒரு சொல் இனிப்பு நீரின் அருகே அமைந்திருந்தால், வருமுன் சோதிக்கும் பழக்கம் சற்றேனும் வளர்ந்திருக்கும் எனத் தோன்றுகிறது. கசிவு தொடங்கிய நிலையில் நுரை தெரியாது என்பதால் அச்சொல்லும் முழுத்தீர்வன்று. எனினும் சோதனைக்கு ஒரு பெயர் கிடைக்கும்.

நம் சூழலில் இக்குறை ஆழப்படுவதற்குக் கல்வியும் ஒரு காரணம். மலேசியாவில் தமிழ்வழி அறிவியல் தொடக்கப்பள்ளியோடு முடிகிறது, இடைநிலைப்பள்ளியில் மலாய். தொடக்கப்பள்ளியிலும் 2003 முதல் சில ஆண்டுகள் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. சிங்கப்பூரில் அறிவியல் தொடக்கம் முதலே ஆங்கிலத்தில். ஆகவே தம் உடலுறுப்புகளைப் பற்றிய தமிழ்ச்சொற்களை நம்மவர் கற்பது, கற்பதாயின், பன்னிரண்டு வயதோடு முடிகிறது. மீதியை அவர்கள் மருத்துவமனைக் காத்திருப்பறையில், அச்சத்தோடு கற்கின்றனர். காத்திருப்பறையில் கிடைக்கும் தாள் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொற்களாலோ, ஆங்கிலத்திலிருந்து அவசரமாகப் பெயர்த்த சொற்களாலோ ஆனது.

செயலிழப்பு என்னும் சொல்லை இங்கு நினைக்கலாம். சிறுநீரகச் செயலிழப்பு எனக் கேட்கும் குடும்பத்தார் முழுவதும் முடிந்துவிட்டது என்றே கொள்கின்றனர். இழப்பு என்னும் சொல்லிற்குத் தமிழில் படிநிலை கிடையாது. மருத்துவமோ நெடுநாட் சிறுநீரக நோயை ஐந்து நிலைகளாகப் பகுக்கிறது. முதல் நான்கிலும் காக்கக்கூடிய செயற்பாடு எஞ்சியுள்ளது. ஆங்கில மருத்துவ உலகமும் இதே இடரை உணர்ந்துள்ளது. கேடிகோ என்னும் பன்னாட்டுச் சிறுநீரக நெறிமுறை அமைப்பு 2019இல் ஒரு கூட்டம் நடத்தி, அதன் முடிவுகளை 2020இல் வெளியிட்டது. இலத்தீன், கிரேக்க அடியிலான சொற்களை விடுத்து, பொதுமக்கள் அறிந்த கிட்னி என்னும் சொல்லையே துறைச்சொல்லாக ஆள வேண்டும் என்றும், இறுதிநிலை என்பது போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. வல்லுநர் மொழி மக்கள் மொழியை நோக்கி இறங்கிவந்த நிகழ்வு இது. அந்த ஆங்கிலச் சொல் அவர்களுடைய இறைச்சிக் கடையிலும் வழங்குவதே என்பதை நாம் மறக்கலாகாது.

தமிழில் இதற்கு ஈடாகச் செய்யத்தக்கது, செயலிழப்பு என்பதை ஐந்தாம் நிலைக்கு மட்டும் ஒதுக்கி, அதற்கு முந்திய நிலைகளுக்குச் செயல்தளர்வு என எழுதுவதே. தளர்வு கூடும், குறையும், சிலகாலம் அப்படியே நிற்கும். இழப்பு அவ்வாறு நிற்பதில்லை. மூன்றாம் நிலையில் உள்ள ஒருவர் தம் மகனிடம் எந்தச் சொல்லைக் கொண்டுபோய்ச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அவ்வீட்டில் அன்றிரவு உப்பைக் குறைப்பது பற்றிப் பேசுவார்களா, உயில் எழுதுவது பற்றிப் பேசுவார்களா என்பது அமையும்.